பத்து டாலர் பங்கும் முப்பத்து மூன்றாவது இன்னிங்ஸும்

(நம் கிளப் ஹவுஸில் நடைபெறும் மாலைப் பேச்சு வரிசையில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



"விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது, நான் கிரிக்கெட் பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பார். கிரிக்கெட் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் நம் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறீர்கள். அதனால் இன்றைக்கு பேஸ்பால். அதிலும் உலகம் பார்க்கும் பெரிய அணி கிடையாது. அமெரிக்காவில் ரோசெஸ்டர் என்ற ஊரில் இருக்கும் 'ரெட் விங்ஸ்' என்ற மைனர் லீக் அணி.

1981-ம் ஆண்டு அந்த அணி வெளியூருக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடியது. அந்த ஆட்டம் முடியாமல் நின்றுபோய், மீதியை ஆடுவதற்காக அணி இரண்டு மாதம் காத்திருந்தது. அந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். அதோடு சேர்த்து, ஓர் ஊரில் இருக்கும் அணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையும் கொஞ்சம் பார்க்கலாம். சங்கம் நடத்தும் நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

கோடாக் பிறந்த ஊர்

ரோசெஸ்டர், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஒன்டாரியோ ஏரியை ஒட்டி இருக்கிறது. அந்த ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறீர்களா? வீட்டில் பழைய கல்யாண ஆல்பம் இருந்தால் புரட்டிப் பாருங்கள். மஞ்சள் டப்பாவில் வந்த கோடாக் பிலிம் ரோல் ஞாபகம் வரும். அந்த கோடாக் பிறந்து வளர்ந்த ஊர் இதுதான். 1980-களின் தொடக்கத்தில் இந்த ஓர் ஊரில் மட்டும் 60,000 பேருக்கு மேல் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது.

இன்றைக்கு ரெட் விங்ஸ் ஆடும் அரங்கத்துக்கு அருகிலேயே கோடாக்கின் தலைமையகக் கோபுரம் நிற்கிறது. ஊருக்கே சோறு போட்ட கம்பெனி சுருங்கிவிட்டது. அணி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இது எப்படி என்று பார்க்க, முதலில் மைனர் லீக் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

நாற்றங்கால் அணிகள்

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒரு தடவை பேட் செய்யும். மூன்று பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி பேட் செய்ய வரும். விருந்தாளி அணி முதலில், உள்ளூர் அணி பிறகு. ஒன்பது முடிந்தும் ரன் சமமாக இருந்தால், கிரிக்கெட் போல 'டிரா' என்று கைகுலுக்கிவிட்டுப் போக முடியாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றும் தன் இளம் வீரர்களைத் தயார் செய்ய, சின்ன ஊர்களில் இருக்கும் அணிகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு பெரிய அணிக்கும் நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக மொத்தம் 120. நம் பக்கத்து வார்த்தையில் சொன்னால் நாற்றங்கால். நாற்று இங்கே வளரும், நடவு வேறு வயலில். மேல்படிக்குப் பெயர் 'டிரிபிள்-ஏ'. ரோசெஸ்டர் அந்தப் படியில் இருக்கிறது.

இந்தப் படிகளில் ஏறப் பார்த்த இந்தியர்களும் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு இளைஞர்கள், 2008-ல் நடந்த ஒரு பந்து வீச்சுப் போட்டியின் மூலம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் சேர்ந்தார்கள். அதை வைத்து வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்துக்கு இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். அந்த இரண்டு பேரும் ஆடியது மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில்தான். மேஜர் லீக்வரை போகவில்லை. மைனர் லீக்கில் இருக்கும் பெரும்பாலானவர்களின் கதையும் அதுதான்.

வரவு செலவை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் தெரியுமா? வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது பெரிய அணி. டிக்கெட், சாப்பாடு, கார் நிறுத்தம், புல்தரை, விளக்கு எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. யார் ஆட வேண்டும், யார் மேலே போக வேண்டும் என்று உள்ளூர்க்காரர் சொல்ல முடியாது. சீசன் நடுவில், அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே இருந்து ஒரு போன் வரும். மறுநாள் உங்கள் சிறந்த வீரர் ஊரில் இருக்கமாட்டார்.

சம்பளமும் சொற்பம். 2023-ல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகுதான் டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. அதே ஆண்டில் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். நடுவில் இருப்பது ஒரே ஒரு படி.

இப்போது டிரிபிள்-ஏ சீசனில் 150 ஆட்டங்கள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டம். திங்கள்கிழமை ஓய்வு என்று அட்டவணையில் இருக்கும். அந்த ஓய்வில் பாதி, அடுத்த ஊருக்குப் போகும் பயணத்திலேயே போய்விடும்.

8,222 பேர்

1956 சீசன் முடிந்தபோது ரோசெஸ்டருக்கு ஒரு சோதனை வந்தது. அப்போது அணியும் அரங்கமும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற மேஜர் லீக் அணிக்குச் சொந்தம். இனி நடத்த முடியாது, விலகிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வாங்க ஆள் வராவிட்டால் அணி போய்விடும்.

மோரி சில்வர் என்ற உள்ளூர் வியாபாரி ஒரு யோசனை சொன்னார். ஒரு பணக்காரரைத் தேடுவதைவிட ஊரே வாங்கட்டும் என்றார். ஒரு பங்கு பத்து டாலர். 1957-ல் 8,222 பேர் பங்கு வாங்கி, அணியையும் அரங்கத்தையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். 'ரோசெஸ்டர் கம்யூனிட்டி பேஸ்பால்' என்ற அந்த நிறுவனம்தான் இன்றைக்கும் அணியை நடத்துகிறது. பங்குதாரர் கூட்டம் கூடும், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், கணக்குக் கேட்பார்கள். நமக்குப் பழக்கமான காட்சிதான். 1968-ல் அரங்கத்துக்கு சில்வரின் பெயரையே வைத்தார்கள். பின்னாளில் அவர் மகள் நேயோமி சில்வர் நிர்வாகத் தலைமைக்கு வந்தார்.

அவர்கள் வாங்கியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வீரர்களை வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. ஆட்டம் இந்த ஊரில் நடக்கும் என்ற ஒன்றைத்தான் பத்து டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின இரவு

இனி 1981. ரெட் விங்ஸ் அப்போது பால்டிமோர் ஓரியோல்ஸின் நாற்றங்கால். ஏப்ரலில், சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பாட்டக்கெட் என்ற மில் ஊருக்குப் போனார்கள். எதிரணி பாஸ்டன் ரெட் சாக்ஸின் நாற்றங்காலான பாட்டக்கெட் ரெட் சாக்ஸ். அரங்கத்தின் பெயர் மக்காய்.

ஏப்ரல் 18, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். விளக்குகளில் கோளாறு, ஆட்டம் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் 1,740 பேர். நல்ல குளிர், காற்றும் சேர்ந்துகொண்டது.

ஏழாவது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. ஒன்பதாவதின் கடைசியில் பாட்டக்கெட் ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தது. அதன் பிறகு பத்து, பதினொன்று, பதினைந்து, இருபது என்று போனதே தவிர யாருக்கும் ரன் வரவில்லை. 21-வது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் என்ற இளைஞர் அடித்த பந்தில் மறுபடியும் சமன். சொந்த அணியே அவரைக் கட்டிப்பிடிப்பதா, திட்டுவதா என்று தவித்திருக்கும்.

நள்ளிரவு 12.50-க்குப் பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக்கில் ஒரு விதி இருந்தது. ஆனால் தலைமை அம்பயரிடம் இருந்த கையேட்டில் அந்த விதி அச்சாகவில்லை. கையேட்டில் இல்லாததை அவர் எப்படிச் செய்வார்? ஆட்டம் தொடர்ந்தது. விதிமுறைப் புத்தகத்தின் புதிய பதிப்பு யாரிடம் இருக்கிறது என்று நம் கூட்டங்களில் நாம் தேடியது உங்களுக்கு ஞாபகம் வரலாம்.

குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த பேட்டுகளையும் மரத்துண்டுகளையும் பீப்பாயில் போட்டுத் தீமூட்டிக் காய்ந்தார்கள். தன் முறையை வீசி முடித்த பாட்டக்கெட் பந்து வீச்சாளர் லூயிஸ் அபோன்டேவை, நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்கள். அகால நேரத்தில் கதவைத் தட்டியவரிடம் மனைவி கேட்ட கேள்வியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் இப்போதுவரை நடந்தது என்றால் யார் நம்புவார்கள்? ரோசெஸ்டரின் ஜிம் அம்பார்கர் 23-வது இன்னிங்ஸில் பந்து வீச வந்து, பத்து இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசினார். அதே அணியின் டல்லஸ் வில்லியம்ஸ் பதின்மூன்று முறை முயன்றும் ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை.

ரோசெஸ்டரில் இருந்தவர்கள் இதைப் பார்க்க முடியாது. அணி இருப்பது 600 கிலோமீட்டருக்கு அப்பால். அவர்கள் ஊர் வானொலியின் வர்ணனையாளர்கள் மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே, இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் விடியும்வரை வர்ணனை செய்தார்கள்.

கடைசியில் லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். இந்த இன்னிங்ஸோடு நிறுத்துங்கள் என்று அவர் உத்தரவு போட்டார். அதிகாலை 4.07. முப்பத்திரண்டு இன்னிங்ஸ் முடிந்தும் 2-2. அரங்கில் மிச்சம் இருந்த பார்வையாளர்கள் 19 பேர். அவர்களுக்கு பாட்டக்கெட் நிர்வாகம் இலவச அனுமதிச் சீட்டு கொடுத்து மரியாதை செய்தது. வீரர்கள் போய்த் தூங்கி எழுந்து, அதே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள்.

காத்திருந்த ஆட்டம்

நின்றுபோன ஆட்டத்தின் மீதியை ரோசெஸ்டர் அடுத்த முறை பாட்டக்கெட் வரும்போது ஆட வேண்டும் என்று முடிவானது. அட்டவணைப்படி அது ஜூன் 23. நடுவில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் ரெட் விங்ஸ் மற்ற ஊர்களில் ஜெயித்தும் தோற்றும் தன் சீசனை ஆடியது. ஆனால் அந்த ஓர் ஆட்டம் மட்டும் முடிவில்லாமல் கணக்கில் நின்றது.

ஜூன் 12-ம் தேதி மேஜர் லீக் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரிய அரங்கங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. விளையாட்டு நிருபர்களுக்கு எழுத எதுவும் இல்லை. சின்ன ஊர்களில் மட்டும்தான் பேஸ்பால் நடந்தது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன் 19 பேர் மட்டும் மிஞ்சியிருந்த மக்காய் அரங்கில் ஜூன் 23 அன்று 5,746 பேர் நிரம்பினார்கள். நாடெங்கும் இருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஆட்டம் எவ்வளவு நேரம் நடந்தது தெரியுமா? பதினெட்டு நிமிடம். 33-வது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ரன் எடுக்கவில்லை. பாட்டக்கெட்டின் முறையில் முதல் மூன்று பேரும் ஆளுக்கொரு வழியில் பேஸுக்குப் போய்விட்டார்கள். டேவ் கோசா என்ற வீரர் இடதுபக்கம் அடித்தார், மார்ட்டி பாரெட் ஓடிவந்து ரன் எடுத்தார். 3-2. மொத்தம் எட்டு மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை. 2018 முதல் மைனர் லீக்கில், கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தியே தொடங்குகிறார்கள், சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக. எனவே அந்தச் சாதனையை இனி முறியடிப்பது மிகவும் கடினம்.

அன்றைக்கு ஆடியவர்களில் இரண்டு பேர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒருவர் நான் சொன்ன வேட் பாக்ஸ். இன்னொருவர் ரோசெஸ்டரின் மூன்றாவது பேஸில் 33 இன்னிங்ஸும் நின்ற 20 வயது கால் ரிப்கன் ஜூனியர். அந்த ஆகஸ்டில் மேலே இருந்து அவருக்கு போன் வந்தது, ரோசெஸ்டர் அவரை இழந்தது. 1982 மே மாதம் தொடங்கி 1998 செப்டம்பர் வரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் தொடர்ச்சியாக 2,632 மேஜர் லீக் ஆட்டங்கள் ஆடினார். ஜெயிக்க வைத்த டேவ் கோசா? அவர் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஜெயித்த ஊருக்கு என்ன ஆனது?

பாட்டக்கெட் அணியை, திவாலாகிக் கிடந்த நிலையில், 1977-ல் பென் மோன்டார் என்ற ஓய்வுபெற்ற மில் முதலாளி வாங்கினார். நல்ல மனிதர். டிக்கெட் விலையைக் குறைவாக வைத்து, குடும்பங்களை வரவழைத்து, அணியை ஊரின் பெருமையாக்கினார். 2010-ல் அவர் காலமானார். 2015-ல் அவர் மனைவி அணியை ஒரு முதலீட்டாளர் குழுவுக்கு விற்றார். புது அரங்கம் கட்ட அரசுப் பணம் எவ்வளவு என்பதில் இழுபறி. 2018-ல் புது உரிமையாளர்கள், பக்கத்து மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரத்துக்கு அணியை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 2021 முதல் அந்த அணி வூஸ்டரில் ஆடுகிறது. மக்காய் அரங்கத்தை 2025-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் பள்ளிக்கூடம் வருகிறது.

தோற்ற ரோசெஸ்டரில் அணி அப்படியே இருக்கிறது. ஓரியோல்ஸ் போய் மினசோட்டா ட்வின்ஸ் வந்தார்கள், அவர்களும் போய் 2021 முதல் வாஷிங்டன் நேஷனல்ஸ். பெரிய அணிகள்தான் மாறின. 1997-ல் நகரின் நடுவே புது அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள், அது மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். சில ஆட்டங்களில் 'ரோசெஸ்டர் பிளேட்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். உருளைக்கிழங்கு, மக்ரோனி, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டித் தரும் உள்ளூர்ச் சாப்பாட்டின் பெயர் அது. ஊர்க்காரர்கள் அதைக் 'குப்பைத் தட்டு' என்று பாசமாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் ரெட் விங்ஸ் வெளியூர் ஆட்டத்துக்கு அந்தப் பழைய எதிரியைத் தேடிப் போகிறது. ஆனால் பேருந்து பாட்டக்கெட்டுக்குப் போவதில்லை, வூஸ்டருக்குப் போகிறது.

பங்கு வைத்திருந்தால் போதும், எல்லாம் நிலைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ரோசெஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிரக்யூஸ் அணியும் ஊர் மக்களின் பங்கில் நடந்ததுதான். 2017-ல் பங்குதாரர்கள் வாக்களித்து அதை நியூயார்க் மெட்ஸுக்கு விற்றார்கள். அணி அங்கேயே ஆடுகிறது, உரிமை மட்டும் கை மாறியது. அது தவறான முடிவு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் விற்கலாமா வேண்டாமா என்று அந்த ஊர்க்காரர்களிடம் ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. பாட்டக்கெட்டில் அப்படி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த 19 பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் டிக்கெட் இருந்ததே தவிர வாக்கு இல்லை.

நம் விளையாட்டுத் திடலைப் பயிற்சி நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடலாமா என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. பராமரிப்புச் செலவு குறையும் என்கிறார்கள் சிலர். குழந்தைகள் காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டிவரும் என்கிறார்கள் சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் கை தூக்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் போன இரண்டு கூட்டங்களிலும் கோரம் இல்லாமல் அரைமணி நேரம் காத்திருந்து நடத்தினோம் என்பது உங்களுக்குத் தெரியும். நம்மில் ஒவ்வொருவருக்கும் வாக்கு இருக்கிறது. பத்து டாலர்கூடச் செலவில்லை. லிப்டில் இறங்கி வந்தால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் கருத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் அன்றைக்கு நேரில் வாருங்கள். கூட்டம் அதிகாலை 4.07 வரை போகாது என்று செயலாளர் உறுதி கொடுத்திருக்கிறார். கையேட்டையும் சரிபார்த்து வைத்துவிட்டாராம்.